இசைத்தட்டு விற்ற காரைக்குடிக்காரர்... பாரதியார் பாட்டுக்கே உரிமையாளர் ஆனது எப்படி? ஏவி.மெய்யப்பன் கதை!

இன்னைக்கு ஒரு படத்தோட பாட்டு வேணும்னா போனை எடுத்து, ஆல்பம் பேரைத் தட்டினா போதும். அடுத்த நொடியே பாட்டு ஓட ஆரம்பிச்சிடும். ஆனால், சுமார் 90 வருஷத்துக்கு முன்னாடி ஆல்பம் என்பது கையில் தூக்கிப் பார்க்கிற பொருள். கீழே விழுந்தால் உடையும். நல்ல கனமும் இருக்கும். அப்படிப்பட்ட தட்டுகளை விற்கும் தொழிலில் இறங்கிய செட்டிநாட்டு இளைஞர் ஒருவர், பிற்காலத்தில் தென்னிந்திய சினிமாவின் மிகப்பெரிய ஸ்டூடியோக்களில் ஒன்றையே கட்டினார். இடையில் மகாகவி பாரதியாரின் பாடல்களை யார் பாடலாம், யார் பதிவு செய்யலாம் என்று சொல்லும் உரிமையும் அவர் கையில் இருந்தது.

அவர்தான் ஏவி.மெய்யப்பச் செட்டியார். ஏவி.எம் என்றால் வடபழனி ஸ்டூடியோ நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனால், அந்தப் பெயர் சினிமாவுக்கு முன்னாடி இசைத்தட்டு உலகத்தில் நுழைந்தது பலருக்குத் தெரியாது. அந்தக் கதையை விரிவாகப் பார்க்கலாம்.

ஏவி.எம்... அந்த ‘ஏவி’ யார்?

1907 ஜூலை 28. காரைக்குடியில் ஆவிச்சி செட்டியாரின் மகனாகப் பிறந்தார் மெய்யப்பன். ஆவிச்சி என்ற அப்பாவின் பெயர்தான் சுருங்கி ‘ஏவி’ ஆனது. அதோடு மெய்யப்பனின் ‘எம்’ சேர்ந்து ஏவி.எம்.

அந்தக் காலத்துச் செட்டிநாட்டை ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க. காரைக்குடி, புதுவயல், கண்டனூர், கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று வரிசையாக நகரத்தார் ஊர்கள். ஆண்களில் பலர் பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் தாண்டித் தொழில் செய்தார்கள். அங்கே சம்பாதித்த பணம் இங்கே பெரிய வீடுகளாக எழுந்தது. பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என வெளிநாட்டுப் பொருட்கள் அந்த வீடுகளில் நிறைந்தன. புதுசா எது வந்தாலும் வாங்கிப் பார்க்கும் வசதியும் ஆர்வமும் இருந்த ஊர்கள் இவை.

காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய கடை ‘ஏ.வி. அண்ட் சன்ஸ்’. அங்கே விற்பனையான பொருட்களில் கிராமபோன் இசைத்தட்டும் உண்டு. சிறு வயதிலேயே கடையில் வேலை பழகிய மெய்யப்பனுக்கு, எந்தப் பாட்டு விற்கும், எந்தப் பாட்டு விற்காது என்பது வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே பிடிபட ஆரம்பித்தது. பின்னாளில் பெரிய தயாரிப்பாளர் ஆனபோதும் அவர் நம்பியது இந்தக் கடைக்காரக் கணக்கைத்தான்.

ஒரு பக்கத்துக்கு 3 நிமிஷம்தான்!

கிராமபோன் தட்டு எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் மெய்யப்பன் செய்த தொழில் புரியும்.

அப்போதைய தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். வழக்கமான 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடப் பாட்டுதான் பிடிக்கும். கச்சேரியில் அரை மணி நேரம் விரித்துப் பாடும் வித்வான்கூட, தட்டுக்கு என்று வந்தால் 3 நிமிஷத்துக்குள் பல்லவி, சரணம் எல்லாத்தையும் முடிச்சாகணும். நம்ம சினிமாப் பாட்டு இன்றைக்கும் பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் முடிவதற்குப் பின்னால் இந்தத் தட்டுக் கணக்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பதிவு செய்வதும் சுலபம் கிடையாது. பாடகர் பாடப் பாட, மெழுகுத் தட்டில் ஊசி கோடு கிழிக்கும். அதிலிருந்து உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில் அரக்குக் கலவையை அழுத்தினால் விற்பனைக்கான தட்டு தயார். நடுவில் ஒரு ஸ்வரம் பிசகினாலும் வெட்டி ஒட்ட முடியாது. திரும்ப முதலிலிருந்து பாடணும்!

அப்போ நாடகம் மாதிரி நீளமான சரக்கை எப்படி விற்றார்கள்? ஒரு நாடகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, பல தட்டுகளாகப் பதிவு செய்து, ‘செட்’டாக விற்றார்கள். ஒரு மணி நேர நாடகம் என்றால் 10 தட்டுகள் தேவை. மேல்நாடுகளில் இப்படிப் பல தட்டுகளை உறை உறையாக வைத்து, போட்டோ ஆல்பம் போல பைண்டு செய்து விற்றார்கள். ‘ஆல்பம்’ என்ற சொல் இசைக்கு வந்ததே அப்படித்தான். இப்போ போனில் நாம் தட்டுகிற ஆல்பத்துக்கு மூதாதை அந்தத் தட்டுப் புத்தகம்.

தமிழ்நாட்டில் எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் போன்ற மேடை நட்சத்திரங்களின் பாடல்கள் தட்டுகளாக வந்து ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்க முடியாதவர்களும், கிராமபோன் இருக்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே அந்தக் குரலைக் கேட்டார்கள்.

சரஸ்வதி ஸ்டோர்ஸ்: விற்பவர் தயாரிப்பாளர் ஆனார்

ஊரில் தட்டு விற்றால் மட்டும் போதாது என்று நினைத்த மெய்யப்பன், சென்னைக்குக் கிளம்பினார். கே.பி.வரதாச்சாரி உள்ளிட்ட நண்பர்களோடு கூட்டு சேர்ந்து 1932-ல் ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போ அவருக்கு வயது 25.

அந்த நிறுவனம் பிடித்தது சாதாரண ஆளை அல்ல. ஜெர்மனியின் ‘ஓடியன்’ கம்பெனியின் விற்பனை உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. தட்டின் ஒரே பக்கத்தில் மட்டும் பாட்டு இருந்த காலத்தில், 1904-லேயே இரண்டு பக்கமும் பதிவு செய்து சந்தைக்குக் கொண்டு வந்த கம்பெனி ஓடியன்.

ஏற்கனவே நாய்க்குட்டி படம் போட்ட எச்.எம்.வி தட்டுகள் சந்தையில் கொடி கட்டிப் பறந்தன. அவர்களோடு மோதணும்னா வெறும் விற்பனையாளராக இருந்தால் ஆகாது. யாரைப் பாட வைப்பது, எந்த நாடகத்தைத் தட்டு ஆக்குவது என்று உள்ளூர் ரசனை தெரிந்தவர் முடிவு செய்யணும். சரஸ்வதி ஸ்டோர்ஸ் அந்த இடத்தைப் பிடித்தது. பாடகர்களைத் தேடுவது, பாட்டைத் தேர்வு செய்வது, பதிவு நடத்துவது, ஊர்களுக்கு அனுப்பி விற்பது என முழு வேலையும் மெய்யப்பனுக்கு அத்துப்படி ஆனது.

பேசும் படம் வந்தது... கையைச் சுட்டது!

1931 அக்டோபர் 31-ல் ‘காளிதாஸ்’ வெளியானது. தமிழ் பேசிய, தமிழில் பாடிய முதல் படம். அதன் பிறகு தமிழ்ப் படங்களில் பாட்டு மழைதான். ஒரே படத்தில் 40, 50 பாட்டு எல்லாம் அப்போ சர்வசாதாரணம்.

தட்டு வியாபாரிக்கு இது ஆபத்தா, வாய்ப்பா? மெய்யப்பன் வாய்ப்பு என்று கணக்குப் போட்டார். நாடக செட்டில் குரல் மட்டும்தான். சினிமாவில் அதே நாடகத்துக்கு முகமும் சேர்ந்து வருது. அப்போ நாமே படம் எடுத்தால் என்ன?

‘சரஸ்வதி சவுண்ட் புரொடக்‌ஷன்ஸ்’ என்ற பெயரில் கல்கத்தாவுக்குப் போய் ‘அல்லி அர்ஜுனா’ எடுத்தார். ஓடவில்லை. அடுத்து ‘ரத்னாவளி’. அதுவும் ஓடவில்லை. முதல் இரண்டு படமும் கையைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம். தட்டு விற்கத் தெரிந்ததால் மட்டும் படம் எடுக்கத் தெரிந்துவிடாது என்ற பாடத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

ஆனால் மனுஷன் ஓய்ந்து உட்காரவில்லை. ஜெயந்திலால் என்ற பெங்களூரு தியேட்டர் அதிபரோடு கூட்டு சேர்ந்து ‘பிரகதி பிக்சர்ஸ்’ தொடங்கினார். 1938-ல் வந்த ‘நந்தகுமார்’ அவருக்குத் தெம்பு கொடுத்தது. அந்தப் படத்தில் கிருஷ்ணனாக நடித்துப் பாடிய சிறுவன் டி.ஆர்.மகாலிங்கம்.

முகம் ஒருத்தர், குரல் இன்னொருத்தர்

இங்கேதான் தட்டுக்கடை அனுபவம் கை கொடுத்தது. அப்போதெல்லாம் நடிப்பவரே பாடணும். கேமராவுக்கு முன்னாடி நின்று, பக்கத்தில் வாத்தியக்காரர்கள் மறைந்து உட்கார்ந்து வாசிக்க, பாடிக்கொண்டே நடிக்கணும். பாடத் தெரியாதவருக்குக் கதாநாயகி வாய்ப்பே கிடைக்காது. அழகாக நடிப்பவர் சுமாராகப் பாடினாலும் ரசிகர்கள் சகித்துக்கொண்டார்கள்.

இசைத்தட்டு கேட்டுப் பழகிய காதுக்கு அந்தச் சகிப்பு கிடையாது. தட்டில் முகம் தெரியாது. குரல் ஒன்றுதான் சரக்கு. ‘நந்தகுமார்’ படத்தில் தேவகி பாத்திரத்துக்காக லலிதா வெங்கட்ராமன் என்பவரின் குரலைப் பயன்படுத்தினார் மெய்யப்பன். தமிழ் சினிமாவின் முதல் பின்னணிப் பாடல் என்று இதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

அடுத்த சோதனை இன்னும் பெரியது. 1943-ல் கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’ படத்தை, வசனத்தைத் தமிழில் பேசவைத்து 1944-ல் வெளியிட்டார். இந்தியாவின் முதல் டப்பிங் படம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. இன்று ஒரே நாளில் ஐந்து மொழியில் வெளியாகும் பான் இந்தியா படங்களுக்கு முன்னோடி இதுதான்!

1945-ல் வந்த ‘ஸ்ரீவள்ளி’யில் டி.ஆர்.மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மணி வள்ளி. படம் பிடித்து முடித்த பிறகும் வள்ளியின் பாட்டில் மெய்யப்பனுக்குத் திருப்தி இல்லை. மகாலிங்கத்தின் குரலுக்கு ஈடு கொடுக்கிற குரல் வேணும் என்று நினைத்தார். பி.ஏ.பெரியநாயகியை அழைத்து, ஏற்கனவே எடுத்த காட்சியில் ருக்மணியின் உதட்டசைவுக்கு ஏற்றபடி பாட வைத்தார். படம் பெரும் வெற்றி.

ஒரு நடிகையின் சொந்தக் குரலை எடுத்துவிட்டு வேறு குரலை வைப்பது நியாயமா என்ற கேள்வி எழலாம். ருக்மணி என்ற கலைஞருக்கு அது நிச்சயம் சங்கடமான விஷயம்தான். ஆனால், பாடத் தெரியாதவரும் நடிக்கலாம், நடிக்க விரும்பாதவரும் பாடலாம் என்ற கதவு திறந்ததும் இப்படித்தான். டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா போன்றவர்களுக்குப் பின்னாளில் உருவான பெரிய இடம், இந்தக் கதவு வழியாக வந்ததுதான்.

ஸ்டூடியோ செட்டிநாட்டுக்கே வந்தது!

1945 அக்டோபர் 14. சென்னையில் ‘ஏவி.எம் புரொடக்‌ஷன்ஸ்’ பிறந்தது. கூட்டாளிகளோடு தொழில் செய்தவர், தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். ஆனால் சொந்த ஸ்டூடியோ கட்ட நேரம் சரியாக அமையவில்லை. இரண்டாம் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. சென்னையில் மின்சாரத் தட்டுப்பாடு.

மெய்யப்பன் என்ன செய்தார் தெரியுமா? சொந்த மண்ணுக்கே திரும்பினார். காரைக்குடி பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையையும் சுற்றியிருந்த இடத்தையும் வாடகைக்குப் பிடித்தார். ரஸ்தா என்றால் சாலை. தேவகோட்டை ஊருக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கும் இடம் அது. புதுவயலில் இருந்து ரயில் பாதையில் வந்தால், காரைக்குடி சந்திப்பைத் தாண்டி அடுத்தாற்போல வருவது இந்த ரஸ்தாதான்.

1946-ல் அங்கே கீற்றுக் கொட்டகைகளாக ஸ்டூடியோ எழுந்தது. நடிகர்கள், டெக்னீஷியன்கள், இசைக்குழு எல்லாரும் அங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள். சென்னை, கல்கத்தா, பம்பாய் என்று பெரிய நகரங்களை மட்டுமே நம்பியிருந்த தொழிலை, செட்டிநாட்டுப் பொட்டல் வெளியில் நடத்திக் காட்டினார் மெய்யப்பன்.

‘நாம் இருவர்’: பாரதி தியேட்டருக்கு வந்த நாள்

அந்தக் கொட்டகையில் உருவான படம்தான் ‘நாம் இருவர்’. ப.நீலகண்டன் எழுதிய ‘தியாக உள்ளம்’ நாடகத்தைத் தழுவியது. மெய்யப்பனே இயக்கினார். டி.ஆர்.மகாலிங்கம், டி.ஆர்.ராமச்சந்திரன் நடித்தனர். 20 வயதை ஒட்டிய இளைஞரான வி.கே.ராமசாமி, வயதான அப்பா வேஷத்தில் இதில்தான் அறிமுகம். இசை ஆர்.சுதர்சனம்.

படம் வெளியானது 1947 பொங்கல் நாளில். சுதந்திரத்துக்கு இன்னும் 7 மாதம் இருந்தது. படத்தில் பாரதியார் விழா வருகிறது. காந்தியைப் போற்றும் காட்சி வருகிறது. பாரதியின் பாடல்களை டி.கே.பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, தியேட்டரே எழுந்து கைதட்டாத குறைதான். சினிமாவுக்குப் பாடுவதென்றால் தேசபக்தி, தெய்வபக்திப் பாடல்கள் மட்டும்தான் என்று கொள்கையோடு இருந்தவர் பட்டம்மாள். அவர் குரலில் பாரதி கிராமத்து டென்ட் கொட்டகை வரை போய்ச் சேர்ந்தார்.

1921-ல் பாரதியார் இறந்தபோது அவர் புத்தகங்களை விற்பதே பெரும் பாடாக இருந்தது. படிக்கத் தெரிந்தவர்களே குறைவு. அப்படிப்பட்ட நாட்டில், எழுத்து தெரியாதவரும் பாரதியை மனப்பாடமாகப் பாட ஆரம்பித்தது இசைத்தட்டாலும் சினிமாவாலும்தான்.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

இப்போ கதையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். பாரதி பாடல்களை மெய்யப்பன் சும்மா எடுத்துப் பயன்படுத்தவில்லை. காசு கொடுத்து உரிமை வாங்கியிருந்தார்.

பாரதியின் எழுத்து உரிமை இரண்டாகப் பிரிந்து கிடந்தது:

• புத்தகமாக அச்சிடும் உரிமை: பாரதியின் தம்பி சி.விஸ்வநாதனிடம் இருந்தது.

• ஒலியாகப் பதிவு செய்யும் உரிமை: ஜேசிங்லால் மேத்தா என்ற வியாபாரியிடம் போயிருந்தது. அவரிடமிருந்துதான் மெய்யப்பன் வாங்கினார்.

எல்லோரும் பாரதியைப் பாட்டுப் புத்தகமாகப் பார்த்தபோது, அந்தப் பாட்டைத் தட்டாக, ஒலிபரப்பாக, சினிமாவாக முதலில் பார்த்தது தட்டு வியாபாரிகளின் கண். சட்டப்படி இதில் தப்பு எதுவும் இல்லை.

சிக்கல் 1948-ல் வெடித்தது. டி.கே.எஸ் சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தினார்கள். பாரதியின் மனைவி செல்லம்மாளின் சம்மதம் தங்களுக்கு இருப்பதாக டி.கே.சண்முகம் தரப்பு நினைத்தது. ஆனால் உரிமை எங்களிடம் இருக்கிறது என்று ஏவி.எம் தரப்பு வழக்குக்குப் போனது.

விஷயம் வெளியே வந்ததும் எழுத்தாளர்களும் வாசகர்களும் கொந்தளித்தார்கள். நாட்டுக்காகப் பாடி, வறுமையில் இறந்த கவிஞனின் பாட்டைப் பாட ஒரு சினிமா கம்பெனியிடம் அனுமதி கேட்கணுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. நாரண துரைக்கண்ணன் உள்ளிட்டோர் பாரதி விடுதலைக்காகக் கழகமே அமைத்து இயக்கம் நடத்தினர். பாரதியை நாட்டுடைமை ஆக்கு என்ற குரல் வலுத்தது.

1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு, பாரதி படைப்புகளின் உரிமையை அரசே எடுத்துக்கொள்ள முடிவு செய்தது. அப்போது மெய்யப்பன் தன்னிடமிருந்த ஒலி உரிமையை, ஒரு பைசா வாங்காமல் அரசுக்கே கொடுத்துவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் பாரதியின் எழுத்து மக்கள் எல்லோருக்கும் பொதுவானது.

இதில் மெய்யப்பன் நல்லவரா, கெட்டவரா என்று ஒற்றை வரியில் தீர்ப்பு எழுத முடியாது. வழக்குப் போட்டவரும் அவர்தான், இலவசமாக விட்டுக்கொடுத்தவரும் அவர்தான். பாட்டை வியாபாரப் பொருளாகப் பார்த்தார். அந்த வியாபாரம்தான் பாரதியை லட்சக்கணக்கான காதுகளுக்குக் கொண்டுபோனது. அப்படிப் போய்ச் சேர்ந்ததால்தான், பாரதி எங்கள் சொத்து என்று மக்கள் உரிமை கேட்கும் நிலை வந்தது. ஒரு கவிஞனின் எழுத்தை அரசே வாங்கி மக்களுக்குக் கொடுத்த இந்த ஏற்பாடு, தமிழ்நாட்டில் இன்றும் தொடரும் நாட்டுடைமை வழக்கத்துக்குத் தொடக்கமாக அமைந்தது.

பழைய பாட்டைப் புதுப் படத்தில் பயன்படுத்தியதற்காக நோட்டீஸ், இசையமைப்பாளருக்கும் ஆடியோ கம்பெனிக்கும் உரிமைச் சண்டை என்று இப்போது அடிக்கடி செய்தி பார்க்கிறோம் இல்லையா? அந்த வகைச் சண்டையைத் தமிழ்நாடு 1940-களிலேயே பார்த்துவிட்டது.

கோடம்பாக்கம்: மண்ணை வாங்கி மலையாக்கியவர்

1948-ல் ஸ்டூடியோ சென்னைக்கு இடம் மாறியது. கோடம்பாக்கம், வடபழனி பகுதி அப்போது ஊருக்கு வெளியே கிடந்த இடம். அங்கே ஆற்காடு சாலையில் உருவான ஏவி.எம் ஸ்டூடியோவில் இருந்து வந்த பெயர்களைப் பாருங்க:

• 1949 - ‘வாழ்க்கை’: வைஜெயந்திமாலா அறிமுகம். தெலுங்கு, இந்தியிலும் எடுக்கப்பட்டது.

• 1951 - ‘ஓர் இரவு’: கதை அண்ணாதுரை.

• 1952 - ‘பராசக்தி’: சிவாஜி கணேசன் அறிமுகம். வசனம் மு.கருணாநிதி. பி.ஏ.பெருமாளின் நேஷனல் பிக்சர்ஸோடு கூட்டு.

• 1954 - ‘பேடர கண்ணப்பா’: கன்னடத்தில் ராஜ்குமார் நாயகனாக அறிமுகம்.

• 1956 - ‘சோரி சோரி’: ராஜ் கபூர், நர்கிஸ் நடித்த இந்திப் படம். சங்கர்-ஜெய்கிஷன் இசை இன்றும் ஒலிக்கிறது.

• 1960 - ‘களத்தூர் கண்ணம்மா’: குழந்தை நட்சத்திரமாக கமல்ஹாசன் அறிமுகம்.

• 1966 - ‘அன்பே வா’: எம்.ஜி.ஆருடன் ஏவி.எம் செய்த ஒரே படம்.

‘பராசக்தி’ சமயத்தில் ஒல்லியாக இருந்த புது நடிகர் கணேசன் மீது மெய்யப்பனுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை என்றும், பெருமாள் விடாப்பிடியாக நின்றதால்தான் சிவாஜி தப்பித்தார் என்றும் திரையுலகில் சொல்வார்கள். எந்தச் சரக்கு விற்கும் என்று கணிப்பதில் கில்லாடியான மெய்யப்பனின் கணக்கு தப்பிய இடம் அது. சிவாஜி முதல் வசனம் பேசிய இடத்தில் இன்று ஏவி.எம் வளாகத்துக்குள் நினைவுச் சின்னமே இருக்கிறது.

அந்தப் படத்தில் இன்னொரு விசேஷம். பாட்டு மட்டுமல்ல, ‘பராசக்தி’யின் வசனமும் தனியாக இசைத்தட்டாக வந்தது. மேடை நாடகத்தைத் தட்டில் விற்ற பழைய உத்தி, சினிமா வசனத்துக்கும் வேலை செய்தது. தெருவுக்குத் தெரு அந்த வசனம் ஒலித்ததற்கு இந்தத் தட்டுகளும் ஒரு காரணம்.

பாட்டுக்காக அவர் செய்த ஏற்பாடுகளும் அப்படித்தான். இசையமைப்பாளர் ஆர்.சுதர்சனம் ஏவி.எம் படங்களுக்குத் தொடர்ந்து இசையமைத்தார். தெலுங்கு தாய்மொழியான இளம் பி.சுசீலா, மாதச் சம்பளத்தில் ஸ்டூடியோ பாடகியாக இருந்தார். அவருக்குத் தமிழ் உச்சரிப்பு சொல்லிக்கொடுக்க ஆசிரியரும் ஏற்பாடு செய்யப்பட்டார். பின்னாளில் சுசீலாவின் சுத்தமான தமிழ் உச்சரிப்பை நாம் எல்லோரும் சிலாகிக்கிறோமே, அதற்குப் பின்னால் இந்தப் பயிற்சி இருக்கிறது.

பாட்டு விற்றவர் எடுத்த பாட்டில்லா படம்

வாழ்க்கை முழுக்க பாட்டை நம்பியவர், 1954-ல் ஒரு விநோத முடிவு எடுத்தார். வீணை எஸ்.பாலசந்தர் இயக்கத்தில் ‘அந்த நாள்’ படத்தைத் தயாரித்தார். அதில் ஒரு பாட்டுகூடக் கிடையாது! சிவாஜி கணேசன், பண்டரிபாய் நடித்த துப்பறியும் கதை. இயக்குநரே பெரிய வீணை வித்வான் என்பது இன்னொரு வேடிக்கை.

பாட்டே இல்லாமல் தமிழ்ப் படமா என்று ரசிகர்கள் அப்போது குழம்பினார்கள். வசூலும் பெரிதாக இல்லை. ஆனால், தமிழ் சினிமாவின் தலைசிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் ‘அந்த நாள்’ அதில் இருக்கும்.

கடைசி நாட்களும், அதன் பிறகும்

‘களத்தூர் கண்ணம்மா’ வெளியான தேதி 1960 ஆகஸ்ட் 12. சரியாக 19 ஆண்டுகள் கழித்து, 1979-ல் அதே ஆகஸ்ட் 12-ம் தேதி மெய்யப்பன் மறைந்தார். வயது 72.

அடுத்த தலைமுறை தொழிலைத் தொடர்ந்தது. மகன்கள் முருகன், குமரன், சரவணன், பாலசுப்பிரமணியன் ஆகியோரில் எம்.சரவணன் ஏவி.எம்மின் முகமாகவே அறியப்பட்டார். ரஜினிகாந்தின் ‘முரட்டுக் காளை’யில் இருந்து ‘சிவாஜி’ வரை படங்கள் வந்தன. கேசட் காலம் வந்தபோது ஏவி.எம் ஆடியோ என்ற பெயரும் வந்தது. 1997-ல் வெளியான ‘மின்சார கனவு’ ஆல்பத்துக்காக ஏ.ஆர்.ரகுமான், எஸ்.பி.பாலசுப்பிரமணியம், சித்ரா மூவரும் தேசிய விருது வாங்கினர். 2006-ல் மெய்யப்பன் உருவம் பொறித்த தபால் தலையை இந்திய அரசு வெளியிட்டது. 2023-ல் வடபழனி வளாகத்தில் ஏவி.எம் பாரம்பரிய அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. பழைய கேமராக்களும் படப்பிடிப்புக் கருவிகளும் அங்கே இருக்கின்றன.

தட்டு போய் கேசட் வந்தது. கேசட் போய் சிடி வந்தது. இப்போ எல்லாமே போனுக்குள் அடங்கிவிட்டது. பாட்டை யார் பாடினார், யார் குரல் யாருக்குப் போனது, அந்தப் பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்ற மூன்று கேள்வியும் மட்டும் மாறவே இல்லை. காரைக்குடிக் கடையில் தட்டு விற்ற மெய்யப்பன், இந்த மூன்றையும் தன் வாழ்நாளிலேயே நேருக்கு நேர் பார்த்தவர். அடுத்த முறை போனில் பாரதி பாட்டு ஓடும்போது, அதைக் கேட்க நாம் யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை என்பதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. 1949-ல் நடந்த அந்தப் போராட்டமும், அந்த விட்டுக்கொடுப்பும்தான் அதற்குக் காரணம்.